பிக்கப் மாற்றியதும் டோன் மெலிந்துவிட்டது, இரைச்சலும் வருகிறது. அவசர உதவி!

ஆறாம்கம்பி:
வணக்கம். என் லெஸ் பால் வகை எலக்ட்ரிக் கிட்டாரில், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பழைய பிக்கப்புகளைக் கழற்றிவிட்டு நல்ல ஹம்பக்கர்களாக (இரண்டு காயில், அதாவது செம்புச் சுருள் உள்ள பிக்கப்) போட்டேன். சால்டர் நானேதான் செய்தேன், எல்லாம் படத்தில் உள்ளபடிதான். ஆனால் சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல மெலிதாக இருக்கிறது. கூடவே உர்ரென்று இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்க வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நடுச்சுருதி:
என்ன பிக்கப்? ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கும்போது மெலிகிறது: நெக் (கழுத்துப் பக்கப் பிக்கப்), நடு (இரண்டும் சேர்ந்து), ப்ரிட்ஜ் (கம்பி முடியும் பக்கம்)? கம்பியைக் கையால் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா? கிட்டாரின் வயர் குழிக்குள் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

ஓம்விதி:
வால்யூம், டோன் திருகிகளின் பாட் (பொட்டென்சியோமீட்டர்) என்ன மதிப்பு? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கோட்டைவிடுவது இதில்தான். ஹம்பக்கருக்கு 500கே (கிலோ ஓம்) வேண்டும், 250கே சிங்கிள் காயிலுக்கு. முதலில் பாட்களை மாற்றுங்கள்.

பழைய_வால்வு:
தம்பி, பிக்கப் மாற்றுவதற்கு முன் உயரத்தைச் சரிசெய்து பார்த்தீர்களா? பழைய கம்பியை மாற்றினீர்களா? இதையெல்லாம் இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கக் கூடாது. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஈயப்புகை:
டோன் திருகியோடு சேர்ந்து மேல்சுரங்களைக் குறைக்கும் கெப்பாசிட்டரைக் கவனியுங்கள். மலிவான கிட்டார்களில் வருவது சாதாரண பீங்கான் வில்லை. அதைத் தூக்கிவிட்டு எண்ணெய்க் காகித வகையில் 0.022 மைக்ரோஃபாரட் போடுங்கள். டோனில் உயிர் வரும். நான் எல்லாக் கிட்டாரிலும் இதைத்தான் செய்கிறேன்.

ஆறாம்கம்பி:
நெக்கில்தான் பிரச்சினை. ப்ரிட்ஜ் பிரமாதமாக இருக்கிறது. பாட் பழையதுதான், 500கே என்று போட்டிருக்கிறது. நெக் பிக்கப்பை மல்டிமீட்டரில் பார்த்தேன், 8 கிலோ ஓமுக்கு மேல் காட்டுகிறது, அதனால் பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் கொஞ்சம் குறைகிறது. போட்டோ அப்புறம் போடுகிறேன்.

நடுச்சுருதி:
தொட்டால் குறைகிறது என்றால் ப்ரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் (எர்த் வயர்) சரி. கேபிள் செருகும் ஜாக்கில் ஹாட்டும் (ஒலியைக் கொண்டுபோகும் வயர்) கிரவுண்டும் இடம் மாறியிருந்தால் தொட்டதும் கூடியிருக்கும். ஓம்விதி சார், 250கே பாட் இருந்தாலும் ஒலி மந்தமாகும், மேல்சுரங்கள் குறையும். இவர் சொல்வது அதற்கு நேர் எதிர்: அடி இல்லை, மூக்கால் பேசுகிறது. ஆறாம்கம்பி, பிக்கப் பெயரை இன்னும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கம்பெனியா?

மீட்டர்காரன்:
ஈயப்புகை சொல்வதை ஏற்க முடியவில்லை. கெப்பாசிட்டர் காகிதமா, பீங்கானா, பாலியஸ்டரா என்பது காதுக்குத் தெரியாது. மதிப்புதான் தெரியும். விலை குறைந்த பீங்கான் வில்லைகளில் போட்டிருக்கும் மதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் 20 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். உங்கள் காதுக்குத் தெரிந்த மாற்றம் அதுதான். மீட்டரில் அளந்து ஒரே மதிப்பாக இரண்டைப் போட்டுக் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைப்பதே போதும்.

ஈயப்புகை:
மீட்டர் சொல்வதற்காக என் காது கேட்பதை மறுக்க முடியாது. டோனைப் பாதி மூடிவிட்டு வாசித்தால் அந்த வழவழப்பு தனியாகத் தெரியும்.

மீட்டர்காரன்:
கண்ணை மூடிக்கொண்டு, எது எதுவென்று தெரியாமல் கேட்டீர்களா?

ஆறாம்கம்பி:
ப்ரிட்ஜில் செய்மோர் டங்கன் ஜேபி. நெக்கில் டிமார்சியோ பிஏஎஃப் ப்ரோ, ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன், தாள் எதுவும் இல்லை. டங்கனோடு வந்த தாளைப் பார்த்து இரண்டையும் ஒரே மாதிரி வைத்தேன்: கருப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து, பச்சையும் வெறும் வயரும் கிரவுண்டில்.

நடுச்சுருதி:
கிடைத்துவிட்டது. வயரின் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிமார்சியோவில் சிவப்பு-கருப்பு ஒரு காயில், பச்சை-வெள்ளை இன்னொரு காயில். டங்கன் தாளின்படி வைத்ததால் ஒரு காயில் தலைகீழாகிவிட்டது.

ஹம்பக்கரின் அடிப்படையே இரண்டு காயில்கள் எதிரெதிராக இருப்பதுதான். 1955இல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை அது. காந்தத்தின் துருவமும் எதிர், காயிலின் திசையும் எதிர். அதனால் கம்பியின் ஒலி இரண்டு காயில்களிலும் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. ஒரு காயிலை மட்டும் திருப்பினால் எல்லாம் தலைகீழ்: கம்பியின் ஒலி அடிபடும், இரைச்சல் கூடும். உங்கள் கிட்டாரில் இப்போது நடப்பது இதுதான். மீட்டருக்குத் திசை தெரியாது, அதனால் ஓம் கணக்கு சரியாகவே காட்டும்.

சிவப்பு ஹாட். கருப்பும் வெள்ளையும் சேர்த்து சால்டர். பச்சையும் வெறும் வயரும் கிரவுண்ட். சேர்ப்பதற்கு முன் சிவப்பு-கருப்புக்கு நடுவே மீட்டரை வையுங்கள், ஏறத்தாழ 4 கிலோ ஓம் வரும். சிவப்பு-வெள்ளைக்கு நடுவே எதுவும் வராது. முடித்த பிறகு ஸ்விட்சை நடுவில் வைத்துக் கேளுங்கள். அங்கே மட்டும் மெலிந்தால் டிமார்சியோவின் சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். வெறும் வயர் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.

தஞ்சை_ப்ளூஸ்:
அப்படியே விட்டுவிடலாமே. ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பாலின் நடு நிலை ஒலியே இப்படி ஃபேஸ் (ஒலி அலையின் திசை) மாறியதால் வந்ததுதான். அந்தக் கிட்டார் கேரி மூர் கைக்குப் போய் இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை!

நடுச்சுருதி:
அது வேறு. அந்தக் கிட்டாரில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருக்கிறது. பிக்கப் தனியாக ஒலிக்கும்போது முழு ஹம்பக்கர்தான், இரைச்சலும் இல்லை. இரண்டு பிக்கப்பும் சேரும்போது மட்டும்தான் அந்த ஒலி. ஒரே பிக்கப்புக்குள் காயில்கள் மோதினால் வருவது பலவீனமும் இரைச்சலும்தான். அந்த ஒலி வேண்டுமென்றால் முதலில் இதைச் சரிசெய்துவிட்டு ஒரு பிக்கப்பின் ஹாட்டையும் கிரவுண்டையும் மாற்றிப் பாருங்கள்.

பழைய_வால்வு:
முதல் பதிவிலேயே பிக்கப் பெயரை எழுதியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும். கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. நடுச்சுருதி சொன்ன நிறங்கள் சரி, அதையே செய்யுங்கள். அயர்னை பாட் முதுகில் ரொம்ப நேரம் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும்.

ஆறாம்கம்பி:
மாற்றிவிட்டேன். இரைச்சல் போய்விட்டது. நெக்கில் அடி வந்துவிட்டது, நடுவும் சரி. நன்றி அண்ணா.

நடுச்சுருதி:
மகிழ்ச்சி. கருப்பு-வெள்ளை சேர்த்த இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டீர்களா? இல்லையென்றால் மூடியைத் திருகுவதற்கு முன் இன்சுலேஷன் டேப்பாவது சுற்றிவிடுங்கள். அந்த முனை பாட் முதுகில் பட்டால் ஒரு காயில் மட்டும்தான் ஒலிக்கும், வாசித்துக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் திரும்பி வரும்.