பனிக்கட்டி அடைத்து வெள்ளம் – குண்டு வைத்து உடைக்கலாமே?

கேள்வி: கனடாவின் ஃபோர்ட் மெக்மர்ரியில் 2020 ஏப்ரலில் ஆற்றுப் பனிக்கட்டி அடைத்து வெள்ளம் வந்ததில் சுமார் 13,000 பேரை வெளியேற்றினார்களாம். குண்டு வைத்து உடைத்துவிட்டால் முடிந்ததே, ஏன் செய்வதில்லை?

பதில் 1: எங்கே வைப்பீர்கள் சார்? அடைப்பே கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர் நீளம். உடைந்த பாளங்கள் ஆற்று வளைவில் சிக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அங்கே ஓடும் அதபாஸ்கா ஆறு அடைத்தால் தண்ணீர் பின்வாங்கிக் கிளியர்வாட்டர் ஆற்றுக்குள் ஏறி அதன் கரையிலிருக்கும் நகர மையத்துக்குள் புகுந்துவிடும். அதுவும் கொரோனா நேரம், முகாமில் கூட்டமாகத் தங்கவைக்கவும் வழியில்லை.

பதில் 2: முன்கூட்டியே உடைப்பதுதான் சரி. கனடாவின் வினிபெக் நகர் வழியாக ஓடும் ரெட் ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது, தெற்கே முதலில் உருகும் தண்ணீர் வடக்கே உறைந்த பகுதியில் வந்து முட்டும். அதனால் வசந்தம் வருமுன்பே வினிபெக்குக்கு வடக்கே பனியை இயந்திரத்தால் அறுத்து, ஆம்பிபெக்ஸ் என்ற, நீரிலும் பனியிலும் போகும் பனியுடைப்பு வண்டியை ஏற்றி நொறுக்குகிறார்கள்.

பதில் 3: எல்லா ஊருக்கும் அந்த வசதி ஏது? அலாஸ்காவின் கலீனா சாலைத் தொடர்பில்லாத ஊர். 2013 மே மாதம் யூகான் ஆறு, ஊரைத் தாண்டி ஓடும் திசையில் பிஷப் ராக் என்ற இடத்தின் பக்கம் பனியால் அடைத்து ஊர் மூழ்கியபோது, கரையணைக்குள் இருந்த விமான ஓடுதளம் தப்பியதால்தான் மக்களை விமானத்தில் ஏற்ற முடிந்தது.