சொல் வற்றிய நாட்களில் தனி ஜெபம்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். தனி ஜெபத்தில் வளர்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும், வளர்ந்ததாக நானே நினைத்துக்கொண்ட இருபது ஆண்டுகளைவிட, வாய் திறந்து ஜெபிக்க முடியாமல்போன ஆறு மாதங்களைப் பற்றி எழுதினால் யாருக்கேனும் பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

எங்கள் அம்மா காலை நாலரை மணிக்கு எழுந்து, அடுப்பங்கரைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு முழங்காலில் நிற்பார்கள். பாயில் படுத்திருக்கும் எங்கள் காதில் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக விழும். பெயருக்குப் பின் என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் பேரேட்டோடு பழகியவன் அல்லவா, நான் அதையும் பேரேடாக்கிவிட்டேன். நீள நோட்டில் இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் பதில் கிடைத்த தேதி என்று கோடு போட்டு எழுதிவந்தேன். பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர் தம் விண்ணப்பங்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் குறித்துவைத்தார் என்று வாலிபர் கூட்டத்தில் கேட்டதன் விளைவு அது. அதே முல்லர், காலையில் முதலில் வேதத்தை வாசித்துத் தியானித்து, அந்தத் தியானமே ஜெபமாகும்படி விட்டுவிட்டார் என்ற மறுபாதி என் மனத்தில் பதியவில்லை. பதில்களின் கணக்குத்தான் பதிந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது இடப்பக்கத்தில் ஒரே விண்ணப்பத்தை நாற்பது நாட்களுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப எழுதினேன். வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. அடக்க ஆராதனை முடிந்து வந்த இரவில், அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அன்றைய தேதியைப் போட்டேன். பிறகு அதை அடித்துவிட்டேன். அதற்கடுத்த மூன்று மாதங்கள் முழங்காலில் நிற்பேன், ஒரு சொல்லும் வராது, எழுந்துவிடுவேன்.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆறுதல் வசனம் எதையும் எடுக்கவில்லை. "சொந்தமாக ஒன்றும் சொல்ல வேண்டாம். தினம் வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், ஆமென் சொல்லுங்கள், எழுந்து வேலையைப் பாருங்கள்" என்றார். இதற்கா ஐயரைத் தேடிப் போனோம் என்று அப்போது தோன்றியது உண்மை. பதின்மூன்றாம் நாள், ஆறே வசனங்கள் கொண்ட பதின்மூன்றாம் சங்கீதம் வந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது தொடங்குகிறது. நான் சொல்லத் துணியாததை வேதமே எனக்கு முன்பாகச் சொல்லிவைத்திருந்தது. அந்தச் சங்கீதமாவது துதியில் முடிகிறது. மூன்றாம் மாத முடிவில் வந்த எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் அப்படி ஒரு திருப்பமும் இல்லை. அது கடைசிவரை இருளிலேயே நிற்கிறது. அதற்கும் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு எழ முயன்றபோது, "அம்மா இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, ஆண்டவரே" என்று என் வாயிலிருந்து வந்தது. அது விண்ணப்பமே அல்ல, அதற்கு வலப்பக்கமும் தேவைப்படவில்லை.

நோட்டு இன்றும் இருக்கிறது. இப்போது அதில் பெயர்களை மட்டுமே எழுதுகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து, பள்ளி ஆசிரியை:

அண்ணன் எழுதியதை வாசித்தபோது, அவருக்குச் சொல் வற்றியதுபோல எனக்கு நேரம் வற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு பிள்ளைகளுக்கும் ஏழு நாற்பதுக்குப் பள்ளி வண்டி. அதற்குள் சோறு வடித்து, டப்பா கட்டி, நானும் புறப்பட வேண்டும். ஒரு மணி நேரம் ஜெபிக்காதவள் விசுவாசியே அல்ல என்பதுபோல் நடக்கும் பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு, பத்து நிமிடம் கிடைத்தாலும் அதைக் குற்றவுணர்விலேயே கழித்துவந்தேன்.

எங்களுடையது லுத்தரன் சபை. மார்ட்டின் லூத்தர் தமக்குச் சவரம் செய்துவந்த பேதுரு என்பவருக்காக 1535ஆம் ஆண்டில், ஜெபிப்பது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதிக்கொடுத்தார் என்பதை எங்கள் பெண்கள் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். கத்தி பிடித்திருப்பவன் பராக்குப் பார்த்தால் முகத்தைக் கீறிவிடுவான், ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்று அவருடைய தொழிலிலிருந்தே விளக்குகிறார். இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி ஜெபிக்கச் சொல்லுகிறார். ஒரே வரியில் மனம் நின்றுவிட்டால் மற்றவற்றை விட்டுவிடலாம் என்றும் அனுமதி கொடுக்கிறார். உலை கொதிக்கும் நேரத்துக்கு ஒரு வரி என்று நானும் தொடங்கினேன்.

முதல் நான்கு விண்ணப்பங்கள் எளிதாகக் கடந்தன. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சொல்லும்போது எனக்கு உவமை எதுவும் தேவைப்படவில்லை, ஏனெனில் என் நாத்தனார் என் வளையலை வாங்கி அடகு வைத்து, மூன்று ஆண்டுகளாக மீட்டுத் தராமல் இருந்தார். மூன்று வாரங்கள் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஒருநாள் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை, "மன்னிக்கிறதுபோல, மன்னிக்கிறதுபோல" என்றே நின்றிருந்தேன். பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய், வளையலைப் பற்றி இனி நான் பேசமாட்டேன் என்று சொன்னேன். அவர் அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "வெயில் அதிகமாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ" என்றார். எனக்கு முழு மன்னிப்பு வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். மறுநாள் காலையில் ஆறாம் விண்ணப்பத்துக்குப் போக முடிந்தது, அவ்வளவுதான்.

திண்டுக்கல்லிலிருந்து, செவிலியர்:

நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். நீங்கள் ஜெபம் என்பதை நாங்கள் செபம் என்று எழுதுவோம், சங்கீதத்தைத் திருப்பாடல் என்போம், பொறுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையை ஒரு தியானத்தில் கற்றேன். நன்றி கூறுவது, தூய ஆவியாரின் ஒளியைக் கேட்பது, நாளைப் பின்னோக்கிப் பார்ப்பது, தவறுக்கு வருந்துவது, அடுத்த நாளை ஒப்படைப்பது என ஐந்து படிகள். இரவுப் பணி முடிந்து பேருந்தில் வரும்போது அதைச் செய்ய முயல்கிறேன். முன்பெல்லாம் செபமாலை சொல்லும்போதுகூட வார்டிலிருந்து மனத்தைப் பிடுங்கி எடுக்கப் பார்ப்பேன். இப்போது வார்டையே கட்டில் கட்டிலாக ஆண்டவர் முன் நடந்து பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டதற்கு நான் எரிந்து விழுந்தது, அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. பேருந்தில் மூன்றாம் படியில்தான் அவருடைய முகம் வந்தது. அடுத்த இரவு பணிக்குப் போனதும் முதலில் அவருடைய கட்டிலுக்குச் சென்று தம்ளரை நிரப்பிவைத்தேன். அவர் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஐந்தாம் படியை எட்டும் நாட்கள் குறைவு. பல காலைகளில் நன்றி கூறி முடிக்கும் முன்பே உறங்கிவிடுகிறேன். என் நிறுத்தம் எது என்று தெரிந்த நடத்துநர் எழுப்பிவிடுகிறார்.