கம்யூனிட்டி காலேஜில் பேச்சுலர் டிகிரி: உங்கள் அனுபவம்?

சன்னிவேல் அம்மா:
பத்து நாளாக மனதை அரிக்கிறது. மகளுக்குப் பல் கிளீனிங். ட்வெல்த் கிரேட். அடுத்து எங்கே படிக்கப் போகிறாய் என்று சுத்தம் செய்த பெண் கேட்டார். அவள் வாயில் குழாய், பதில் சொல்ல முடியவில்லை. நான் முந்திக்கொண்டு, “எங்கே வேண்டுமானாலும், கம்யூனிட்டி காலேஜ் மட்டும் வேண்டாம்” என்றேன். இங்கே கலிஃபோர்னியாவில் அது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிதானே என்ற நினைப்பு. அவர் சக்‌ஷனை நிறுத்தினார், மாஸ்க்கைக் கீழே இறக்கினார். “நான் பேச்சுலர் டிகிரி வாங்கியதே அங்கேதான்.” குரலில் கோபமே இல்லை. மகள் திறந்த வாயோடு என்னையே பார்த்தாள்.

பேக்கர்ஸ்ஃபீல்ட் வாசி:
இங்கே இன்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷனுக்கே கம்யூனிட்டி காலேஜில் பேச்சுலர் டிகிரி உண்டு. ஒரு நாள் நடுராத்திரி பேக்கிங் லைன் நின்றுவிட்டது. எம்.இ. படித்த நான் லாப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே படித்த பையன் கன்வேயருக்கு அடியில் படுத்து, பாதாம் தூசி படிந்த சென்ஸாரைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். லைன் ஓடியது.

ஃப்ரெஸ்னோ அண்ணன்:
நல்லதை மட்டும் சொல்கிறீர்கள். நர்ஸிங்கைப் பற்றி யாராவது பேசுங்களேன். என் மனைவி கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடப் படிப்பு முடித்து, ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசன்ஸும் வாங்கியவள். இன்டர்வியூவில் “பி.எஸ்.என். இல்லையா?” என்று கேட்டு ஃபைலை மூடிவிட்டார்கள். பி.எஸ்.என். என்றால் நர்ஸிங்கில் பேச்சுலர் டிகிரி. சில கம்யூனிட்டி காலேஜ்களாவது அந்தப் பட்டத்தைத் தர வழிசெய்யும் மசோதாக்களை 2024-ல் கவர்னர் நியூசம் வீட்டோ செய்தார். பல்லுக்கு ஒரு நியாயம், நர்ஸுக்கு வேறு நியாயமா?

சான்ஹோசே மாமா:
தம்பி, கோபம் சரி. ஆனால் சட்டத்தைப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜில் பேச்சுலர் டிகிரி தருவதை 2014-ல் 15 காலேஜுக்குச் சோதனையாக அனுமதித்து, 2021-ல்தான் நிரந்தரமாக்கினார்கள். கால் ஸ்டேட், யூ.சி. என்ற மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளில் ஏற்கெனவே இருக்கும் படிப்பையே திரும்ப இங்கே தரக் கூடாது என்பது விதி. அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தேடாதீர்கள். சன்னிவேல் அம்மா, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: டிகிரிக்கு 120 யூனிட் (பாட அளவு) என்று வைத்தால், முதல் 60 யூனிட்டுக்குத் தலா 46 டாலர், அடுத்த 60-க்குத் தலா 130. மொத்தம் 10,560 டாலர். புத்தகம், வாடகை தனி. பிறகு மாஸ்டர்ஸ் படிக்கும் எண்ணம் இருந்தால், எந்த யூனிவர்சிட்டியோ அங்கேயே, இந்த டிகிரியை ஏற்பார்களா என்று இப்போதே கேட்டு, ஈமெயிலில் பதில் வாங்கி வையுங்கள். என் மகன் கேட்காமல் சேர்ந்து ஒரு வருடம் கூடுதலாகப் படித்தான்.

சன்னிவேல் அம்மா:
கணக்குக்கு நன்றி மாமா. ஆனால் நான் கேட்க வந்தது அதில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை ‘ஸாரி’ சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த கிளீனிங் ஆறு மாதம் கழித்து. அதுவரை காத்திருக்கவா, நாளைக்கே நேரில் போய்ச் சொல்லவா?