மறு: ‘இன்மேட் சர்ச்’ தமிழில் – காவலிருப்பு சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கைதானவர்களின் வீட்டாருக்காக நாம் தமிழில் தயாரிக்கும் கையேட்டின் சொற்பட்டியலில் முதல் வரியே, அதாவது ‘இன்மேட் சர்ச்’ என்பதற்கான தமிழ்ச் சொல்லே, இன்னும் காலியாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் கைதாகிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் வீட்டார் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான். கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) ஷெரீப் (அதன் காவல் அதிகாரி) அலுவலகத்தின் தளத்தில் ‘இன்மேட் சர்ச்’, ‘இன்மேட் லொக்கேட்டர்’, ‘ஜெயில் ரோஸ்டர்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பெயரைக் கொடுத்தால் ஆள் அந்தச் சிறையில் இருக்கிறாரா என்று காட்டும். இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

> கைதி தேடல் என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் கைதியைத் தேடுகிறார்கள் என்றால் தப்பி ஓடியவரைப் போலீஸ் தேடுகிறது என்றுதான் நாளிதழ் படித்துப் பழகிய கண்ணுக்குப் படும். இன்னொன்று, கவுண்டி சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். நேற்றிரவு பிடிபட்டவர், வழக்கு முடியாதவர், பிணைப் பணம் கட்ட வழியில்லாதவர் என்று பலரும் அங்கே இருப்பார்கள். ஓராண்டுக்கு உட்பட்ட சிறுதண்டனைக்காரர்களும் உண்டு. நீண்ட தண்டனை என்றால் மாநிலச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குத் தேடும் பக்கமே வேறு. விசாரணைக் கைதி என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மகனின் பெயரைத் தட்டச்சு செய்ய வரும் ஒரு தாய் பார்க்கும் முதல் தலைப்பில் ‘கைதி’ என்று போட எனக்கு மனம் வரவில்லை.

> காவல் நிலை அறிதல்

பொருள் துல்லியமானது. வைன் என்ற தேடல் சேவையில் இருக்கும் ‘கஸ்டடி ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்துக்கு நேர் சொல். அந்தச் சேவை பிறந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1993 டிசம்பரில் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஓர் இளம்பெண்ணை அவருடைய முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவருக்குக் கொடுமை செய்ததற்காக உள்ளே போனவன் பிணையில் வெளியே வந்துவிட்டான், அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு 1994இல் அந்த கவுண்டியில்தான், சிறையிலிருந்து ஒருவர் வெளியேறினால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகத் தொலைபேசியில் தெரிவிக்கும் முறை தொடங்கியது. இன்று அது நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆக, இந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள் எல்லாருமே உள்ளே இருப்பவரின் வீட்டார் அல்லர். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு தூங்கப் போகிறவர்களும் உண்டு. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

‘காவல் நிலை’யின் சிக்கல் வேறு. திரையில் அதைப் பார்த்தால் கடைசியில் ‘யம்’ விட்டுப்போயிற்று என்றுதான் தோன்றும். காவல் நிலையத்தைத் தேடும் பக்கம் என்று நினைத்துவிடுவார்கள்.

> எங்கள் பக்கத்தில் சிறைக்கு மறியல் என்பதே வழக்கு. விளக்கமறியல் என்ற அருமையான சொல்லும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன், சொல் அழகானது. ஆனால் தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலையில் உட்கார்வது. அப்புறம், இலங்கையில் விளக்கமறியல் என்றால் நீதவான் உத்தரவிட்டு வைப்பது. கவுண்டி சிறையிலோ நீதிபதி முகத்தைப் பார்க்கும் முன்பே ஆள் உள்ளே இருப்பார். கலிஃபோர்னியாவில் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், ஆனால் அதில் ஞாயிறும் விடுமுறை நாள்களும் சேராது. அந்த இடைவெளியில்தான் வீட்டார் தவித்துத் தேடுகிறார்கள். நீதிபதி பார்த்த பிறகான நிலைக்கு விளக்கமறியலை இணைச்சொல்லாகப் பட்டியலில் கட்டாயம் சேர்ப்போம்.

> ‘உள்ளே இருக்கிறார்’ என்பதுதானே பேச்சு வழக்கு? உள்ளிருப்பு?

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. ஆனால் உள்ளிருப்பு என்றதும் போராட்டம் வந்து முன்னால் நிற்கிறது.

அந்த ‘இருப்பு’ மட்டும் நமக்குப் போதும் என்று தோன்றுகிறது. என் பரிந்துரை: காவலிருப்பு. தேடும் பக்கம் காவலிருப்புத் தேடல். ரோஸ்டர் என்பது காவலிருப்புப் பட்டியல். ‘இன் கஸ்டடி’ என்ற இடத்தில் ‘காவலில் உள்ளார்’ என்று முழுதாகவே எழுதிவிடலாம். இருப்பு என்றால் கிடங்குச் சரக்கு மாதிரி இருக்கிறதே என்று பேராசிரியர் ஐயா கேட்பார் என்று தெரியும். காத்திருப்பு, குடியிருப்பு எல்லாம் மனிதர்களுக்கு உரியவைதானே ஐயா? தவிர, அந்தப் பக்கம் உண்மையில் இருப்புக் கணக்குத்தான். இந்த நேரத்தில் எங்கள் கூரைக்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தவிர அது வேறெதையும் உறுதியாகச் சொல்வதில்லை. குற்றவாளியா என்பது அதற்குத் தெரியாது.

இதோடு ஒட்டிய சொற்களில் எனக்குப் பதற்றம் தருவது ‘புக்கிங் நம்பர்’. இயந்திர மொழிபெயர்ப்பு கண்ணை மூடிக்கொண்டு ‘முன்பதிவு எண்’ என்று போடும், ரயில் டிக்கெட் மாதிரி. கைரேகை, படம், கையில் இருந்த பொருள்களின் பட்டியல் எல்லாம் எடுத்துச் சிறைக் கணக்கில் ஏற்றுவதுதான் புக்கிங். ‘சிறைப்பதிவு’, ‘சிறைப்பதிவு எண்’ போதும். இது முடியப் பல மணி நேரம் ஆகலாம், அதுவரை தேடலில் பெயர் வராது.

ஆகவே, தேடி ஒன்றும் கிடைக்காதபோது வரும் வரியை மிகக் கவனமாகத் தமிழாக்க வேண்டும். ‘அவர் இங்கு இல்லை’ என்று எழுதவே கூடாது. ‘நீங்கள் கொடுத்த விவரத்துக்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை’ என்பதே சரி. சிறைப்பதிவு முடியாதிருக்கலாம், நகரக் காவல்துறையின் அறையிலேயே வைத்திருக்கலாம், பக்கத்து கவுண்டிக்குக் கொண்டுபோயிருக்கலாம். 18 வயது நிறையாதவர் என்றால் பொதுவாகப் பட்டியலில் காட்டவே மாட்டார்கள்.

பக்கத்து கவுண்டி என்றதை விளக்கிவிடுகிறேன். குடியிருக்கும் ஊரை வைத்துத் தேடக் கூடாது, பிடிபட்ட இடம்தான் கணக்கு. டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஊரின் ஒரு பகுதி காலின் கவுண்டியிலும் மறு பகுதி டென்டன் கவுண்டியிலும் இருக்கிறது. காலின் என்றால் சிறை மெக்கின்னியில், டென்டன் என்றால் டென்டன் நகரில். இரண்டுக்கும் தனித்தனித் தளங்கள். எந்தத் தெருவில் பிடித்தார்கள் என்று தெரியாவிட்டால் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

பெயர்க் கட்டத்துக்கு மட்டும் கையேட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கலாம் என்பேன். நம் பெயர்கள் அவர்களுடைய ‘லாஸ்ட் நேம்’ கட்டத்துக்குள் அடங்குவதில்லை. கடவுச்சீட்டில் பலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். செந்தில் என்பவரைத் தேட முருகேசன் என்று போட வேண்டியிருக்கும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று வந்துவிடும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. எனவே ‘லாஸ்ட் நேம்’ என்பதைக் ‘குடும்பப் பெயர்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் தேடுகிறவர் குழம்புவார். ‘குடும்பப் பெயர் (அப்பா பெயராகவோ சொந்தப் பெயராகவோ இருக்கலாம்)’ என்று அங்கேயே எழுதுவோம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். தளம் அனுமதித்தால் முதல் மூன்று நான்கு எழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, சிறை அலுவலர் எப்படி எழுத்துக்கூட்டினாரோ யார் கண்டது! பிறந்த தேதி கேட்டால் மாதம் முதலில், நாள் பிறகு. ஏப்ரல் 7ஐ 07/04 என்று போட்டால் ஜூலை 4 ஆகிவிடும்.

குடிவரவுக் காவலுக்கும் இதே சொல் ஒத்துவருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒத்துவரும் என்றே நினைக்கிறேன், ஆனால் கவுண்டி, குடிவரவு என்று முன்னொட்டு வேண்டும். ஐஸ் என்ற குடிவரவு அமலாக்கத் துறை பல கவுண்டி சிறைகளில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. ஆள் அதே கட்டடத்தில் இருப்பார், ஷெரீப்பின் பட்டியலில் இல்லாமல் போகலாம். அந்தத் துறையின் தேடல் பக்கம் தனி: ‘ஏ-நம்பர்’ எனப்படும் ஒன்பது இலக்க எண்ணும் பிறந்த நாடும் கொடுக்க வேண்டும், அல்லது பெயரும் பிறந்த நாடும். அங்கே முதல் நான்கு எழுத்து வித்தை எடுபடாது, பெயர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்.

தூதரகம் தானாகத் தெரிந்துகொண்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையையும் கையேடு வளர்க்கக் கூடாது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் என்றால் அமெரிக்க அதிகாரிகள் தூதரகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இந்தியர் என்றால், அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்று அவரிடம் சொல்வார்கள், அவர் கேட்டால்தான் தெரிவிப்பார்கள்.

கவுண்டிக்கு மாவட்டம் என்று மாற்றச் சொன்னவர்களுக்கு: வேண்டாம் என்பது என் கருத்து. மாவட்டச் சிறை என்றால் மாநிலத்தின் சிறைத்துறை நடத்துவது என்றுதான் நாம் புரிந்துகொள்வோம். இங்கே பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஷெரீப்பின் பொறுப்பு அது. லூசியானாவில் கவுண்டிக்குப் பெயரே ‘பாரிஷ்’. கனெக்டிகட், டெலவேர், ஹவாய் போன்ற சில மாநிலங்களில் சிறை முழுதும் மாநிலத்தின் கையில், கவுண்டி சிறை என்ற பேச்சே இல்லை. தேடுகிறவர் கடைசியில் ஆங்கிலத்தில்தான் கவுண்டியின் பெயரைத் தட்டப் போகிறார், அந்தச் சொல்லைக் காதில் போட்டு வைப்பது அவருக்கு உதவி.

இன்னும் எனக்குச் சொல் கிடைக்காதது ‘ஹோல்ட்’. பிணைத் தொகை கட்டியும் வெளியே விடாமல், வேறொரு கவுண்டியோ ஐஸோ கேட்டுக்கொண்டதால் நிறுத்தி வைப்பது. ‘விடுவிப்புத் தடை’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். தடையாணை, பிடியாணை இரண்டோடும் குழம்பாத சொல் யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே சொல்லுங்கள். காவலிருப்புக்கு மறுப்பு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்