ஸ்டெம் செல் கொடுத்தும் டி செல்லுக்காகக் காத்திருந்தோம்: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

தம்பிக்கு_அக்கா
தம்பிக்கு லுக்கேமியா. செல்லின் மேலுள்ள எச்எல்ஏ என்ற அடையாளப் புரதம் பொருந்தியதால் நான்தான் டோனர். நாலு நாள் ஊசி, இடுப்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. ஐந்தாம் நாள் மெஷினில் உட்கார்ந்து, ரத்தச் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல் கொடுத்தேன். 16ஆம் நாள் தம்பிக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500ஐத் தாண்டியது. "செல் ஏறிடுச்சு" என்று நர்ஸ் சொன்னதும் அம்மா வார்டு வாசலிலேயே அழுதுவிட்டார்.

நான்காம் மாதம் அவனுக்கு விலாவில் அக்கி போட்டது. சிடி4 (நோய் எதிர்ப்புக்கான டி செல்களில் ஒருவகை) பார்த்தால் 90. என் செல்லில்தான் ஏதோ குறையோ என்று எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. டாக்டரிடம் கேட்டேன். தாளில் வரைந்தே காட்டினார்.

நியூட்ரோஃபில் எலும்பு மஜ்ஜையிலேயே முதிர்ந்துவிடுமாம். டி செல் அப்படியில்லை. மஜ்ஜையில் பிறந்த முன்னோடிச் செல், ரத்தம் வழியாக நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் என்ற சுரப்பிக்குப் போயாக வேண்டும். அங்கே நாட்ச் என்ற சமிக்ஞை கிடைத்தால்தான் டி செல்லாகும் பாதையில் திரும்பும். பிறகு ராக் என்சைம்கள் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி, செல்லுக்குச் செல் வேறான ஏற்பியை (கிருமியை அடையாளம் காணும் புரதத்தை) உருவாக்கும். நம் உடம்பின் எச்எல்ஏ அடையாளத்தைக் கண்டுகொள்ளாத செல் சாகும். நம் உடம்பையே இறுகப் பற்றிக்கொள்ளும் செல்லும் பெரும்பாலும் சாகும். தப்பி வெளியே வருவது நூற்றில் ஐந்துகூடத் தேறாது. அந்தக் கணக்கைக் கேட்டு அசந்துபோனேன்.

தம்பிக்கு வயது 34. பருவ வயதிலிருந்தே தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிக்கொண்டே வரும், கீமோவும் அதைத் தாக்கும். "உங்க செல்லுல ஒரு குறையும் இல்லம்மா, அவரோட தைமஸ்தான் மெதுவா வேலை செய்யுது" என்றார். அன்றைக்குத்தான் தூங்கினேன். சிடி4 200ஐத் தாண்ட 14 மாதம் ஆனது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை எல்லாம் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாப்பா_அம்மா
என் மகளுக்கு மூன்றாம் மாதத்தில் இதய ஆபரேஷன். இதயத்தை மறைத்துக்கொண்டிருக்கும் தைமஸில் பெரும்பகுதியை எடுக்க வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே படித்திருந்தேன்: 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்தபோது அவற்றின் நோய் எதிர்ப்பே சரிந்துபோனது. கை நடுங்கியது. சர்ஜன் பொறுமையாகச் சொன்னார்: எலிக்குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் டி செல் ரொம்பக் குறைவு, மனிதக் குழந்தைக்கோ கருவிலேயே தைமஸ் வேலையைத் தொடங்கி டி செல்களை அனுப்பிவிடும். இப்போது அவளுக்கு 6 வயது. டி செல் கவுன்ட் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் மற்ற பிள்ளைகளுக்கு வருகிற சளி, காய்ச்சல்தான் அவளுக்கும்.

ஆய்வக_மாணவி
அக்கா, உங்கள் டாக்டர் நாட்ச் பற்றிச் சொன்னதை ஆய்வகத் தட்டிலேயே பார்த்திருக்கிறேன். தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல்லை இரண்டாகப் பிரித்தேன். நாட்சைத் தூண்டும் டெல்டா புரதம் உள்ள செல்படுகையில் ஒரு பாதி, அந்தப் புரதம் இல்லாத படுகையில் மறுபாதி. வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தால் முதல் தட்டில் சிடி4, சிடி8 என்ற டி செல் அடையாளங்கள் இரண்டும் சேர்ந்த, வளர்ந்துவரும் டி செல்கள். இரண்டாவதில் டி செல் கிட்டத்தட்ட இல்லை. இரண்டு தட்டுக்கும் போனது ஒரே குழந்தையின் ரத்தம்தான்.