சிஎல்எம்: ஜிசிசி 15க்கு மாறியதிலிருந்து சத்தமே வரவில்லை

கேள்வி:
வணக்கம். ஒலி உருவாக்கும் லிஸ்ப் நிரலான காமன் லிஸ்ப் மியூசிக்கை (சிஎல்எம்) எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் கம்பைலரில் ஓட்டுகிறேன். போன வாரம் லினக்ஸைப் புதுப்பித்ததில் சி கம்பைலரான ஜிசிசி 13 போய் 15 வந்துவிட்டது. யூஎஸ்பியில் மாட்டிய ஒரு திருகுக் குமிழின் மதிப்பைப் படிக்க நானே எழுதிய சின்ன சி கோப்பு ஒன்று உண்டு, அதை என் இன்ஸ்ட்ருமென்டுகளோடு (ஒலி உண்டாக்க நான் எழுதும் நிரல்கள்) சேர்த்து கம்பைல் செய்வேன். இப்போது ஒலியை உருவாக்கும் வித்-சவுண்ட் கட்டளையைக் கூப்பிட்டாலே ‘அன்டிஃபைன்ட் ஏலியன்’ என்று நின்றுவிடுகிறது. எஸ்பிசிஎல்லின் பழைய பதிப்பைப் போட்டும் பார்த்தேன், அதேதான். எங்கே தேடுவது?

பதில் 1:
லிஸ்ப்பை விடுங்கள். சிஎல்எம்மில் ரன் மேக்ரோவுக்குள் (இன்ஸ்ட்ருமென்டின் ஒலிக் கணக்கு நடக்கும் பகுதி) எழுதுவதை எஸ்பிசிஎல் நேராக கம்பைல் செய்வதில்லை; அது சி நிரலாக மாறி, ஜிசிசி வழியாகப் போய், ஷேர்டு லைப்ரரியாக, அதாவது லிஸ்ப் ஏற்றிக்கொள்ளும் கோப்பாக, திரும்பி வருகிறது. ஆக உங்களுக்கு இரண்டு கம்பைலர்கள். ஏலியன் என்றால் லிஸ்ப்புக்கு வெளியே உள்ள ஃபங்ஷன்; அந்தப் பிழைக்கு அர்த்தம், தேடிய ஃபங்ஷன் எந்த லைப்ரரியிலும் இல்லை என்பதுதான். உங்கள் சி கோப்பை டெர்மினலில் தனியாக ஜிசிசிக்குக் கொடுத்துப் பாருங்கள், முதலில் வரும் எர்ரர் என்ன?

கேட்டவர்:
இரண்டு வருகின்றன. குளோஸ் ஃபங்ஷனுக்கு ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’ (முன்னே அறிவிக்காமல் பயன்படுத்தியது). அப்புறம், முழு எண் வகையான இன்ட்டுக்கு பூல் என்று நான் டைப்டெஃப் போட்ட (வேறு பெயர் வைத்த) வரி. நாலு வருஷமாக வெறும் வார்னிங்கோடு ஓடிய கோப்பு இது!

பதில் 1:
சரி, புரிந்துவிட்டது. முதலாவது ஜிசிசி 14இல், 2024இல், வார்னிங்கிலிருந்து எர்ரராக மாறியது. இரண்டாவது, 15இல் சி மொழியின் புதிய தரமான சி23 இயல்புநிலையானதால், மெய்-பொய் வகையான பூல் மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டது. பழைய தரமான ஜிஎன்யு17 ஸ்டாண்டர்டு கொடுத்தால் இரண்டாவது அடங்கும், இத்தகைய எர்ரரை வார்னிங்காக இறக்கும் பெர்மிசிவ் ஃபிளாக் முதலாவதை அடக்கும். ஆனால் முதலாவதை அப்படி அடக்காதீர்கள், தயவுசெய்து. டிக்ளரேஷன் இல்லாத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தருகிறது என்று பழைய ஜிசிசி எடுத்துக்கொள்ளும். குளோஸ் உண்மையிலேயே இன்ட் தருவதால் நீங்கள் தப்பித்தீர்கள். அதுவே டபுள் (தசம எண்) தருகிற ஃபங்ஷனாக இருந்தால் வேறு ரெஜிஸ்டரிலிருந்து குப்பையைப் படிக்கும், ஸ்பீக்கரில் இரைச்சல்தான் வரும்; பாயின்டர் (நினைவக முகவரி) என்றால் 64 பிட்டில் பாதி வெட்டுப்பட்டு கிராஷ் ஆகும். குளோஸை அறிவிக்கும் யுனிஸ்டிடி ஹெட்டரைச் சேர்த்தால் முடிந்தது.

பதில் 2:
பூல் விஷயத்தில் ஒன்று. டைப்டெஃப் வரியை மட்டும் அழித்துவிட்டுப் புது பூலையே விட்டுவைக்காதீர்கள். லிஸ்ப் பக்கம் அந்த ஃபங்ஷன் இன்ட் தருவதாகத்தானே சொல்லி வைத்திருப்பீர்கள்? புது பூல் ஒரே பைட், மேல் பிட்டுகளில் என்ன இருக்கும் என்று உத்தரவாதமில்லை, அப்புறம் பொய் மெய்யாகத் தெரியும். உங்கள் டைப்புக்கு வேறு பெயர் வையுங்கள்.

பழைய ஃபாஸ்ல் (எஸ்பிசிஎல் கம்பைல் செய்து வைத்தது), ஆப்ஜெக்ட், லைப்ரரி கோப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். பதிப்பு மாறினால் ஃபாஸ்லை எஸ்பிசிஎல்லே ஏற்க மறுக்கும், லைப்ரரிக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது.

கேட்டவர்:
சத்தம் வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி! ஹெட்டர், பெயர் மாற்றம், எல்லாவற்றையும் அழித்தது, மூன்றும் செய்தேன். ஆனால் குமிழை முழுக்கக் கீழே திருப்பினால் ‘டிவிஷன் பை ஜீரோ’ என்று எஸ்பிசிஎல் நிற்கிறது, முன்பு அவ்வளவு கீழே திருப்பியதே இல்லை.

பதில் 2:
அது ஜிசிசியால் வந்ததில்லை. எஸ்பிசிஎல் ஃப்ளோட் டிராப்புகளை (தசமக் கணக்கில் தவறு நடந்தால் நிறுத்தும் பொறிகள்) இயல்பாகவே திறந்து வைத்திருக்கும், அதனால் சி நிரலுக்குள் நடக்கும் சுழியால் வகுத்தலும் அதில் மாட்டும். டிராப்பை மூடவும் வழி உண்டு, மூடினால் முடிவிலி உங்கள் ஃபில்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குமிழ் மதிப்புக்கு ஒரு குறைந்தபட்சம் வையுங்கள்.