குழந்தைகள் வார்டில் கோமாளி வேடம்: பலூன், மேக்கப், ஊசி நேரம் பற்றி ஒரு சந்தேகம்

மூக்குச்சிவப்பன்:
நாடகப் பழக்கம் உண்டு, ஆஸ்பத்திரிப் பழக்கம் இல்லை. அரசு மருத்துவமனையில் 30 கட்டில் உள்ள குழந்தைகள் வார்டுக்கு வாரம் ஒரு நாள் ரெண்டு பேர் கோமாளியாகப் போக அனுமதி கிடைச்சிருக்கு. பலூன், சோப்புக் குமிழி, கைப்பாவை, முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, இதெல்லாம் சரிவருமா? ஊசி போடும்போது கூட நிற்கச் சொல்றாங்க. அப்போ என்ன செய்யணும்?

வார்டு சிஸ்டர்:
பலூன் வேண்டவே வேண்டாம். வெடிச்ச துண்டை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைச்சிடும். போதாததுக்கு லேடெக்ஸ் (பலூன், கையுறை செய்யும் ரப்பர்) அலர்ஜி. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்து பல தடவை ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு இது அதிகம். கையுறையை ஊதிச் சேவல் செய்றதும் இதே கதைதான். கோமாளி மூக்கு ஸ்பாஞ்சில் வேண்டாம், துடைச்சுக் காயவைக்க முடியாது. கழுவக்கூடிய பிளாஸ்டிக் வாங்குங்க. பஞ்சு அடைச்ச கைப்பாவை கட்டிலுக்குக் கட்டில் கிருமியைச் சுமக்கும். விரல் பாவையாக இருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒண்ணு, அங்கேயே கொடுத்துட்டு வந்துடுங்க.

மோதிரம், வாட்ச், முழுக்கை, சென்ட் எதுவும் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னும் பின்னும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி), 20 முதல் 30 விநாடி. அதையே விளையாட்டாக்கலாம், பிள்ளை உங்க கையைச் சோதிக்கட்டும். லேசாகச் சளி இருந்தாலும் அன்னிக்கு லீவு. அம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சான்னு பார்த்துக்குங்க.

வேடம் போடும் முன்னாடி டியூட்டி சிஸ்டரிடம் உட்கார்ந்து கட்டில் கட்டிலாகக் கேளுங்க: யார் தனிமைப்படுத்தலில், யார் கீமோவில் (புற்றுநோய் மருந்து), யார் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில். வெறும் வயிற்றில் இருக்கிற பிள்ளையிடம் இட்லி, சாக்லேட் ஜோக் அடிச்சால் அழுகை நிற்காது. வயிற்றில் தையல் உள்ள பிள்ளைக்குச் சிரிப்பே வலி. அங்கே மெதுவான விளையாட்டு மட்டும்.

கட்டியக்காரன்:
வெள்ளைப் பூச்சை விட்டுடுங்க. அதற்குப் பின்னால் முகபாவமே தெரியாது, சின்னதுங்க மிரளும். மூக்கு, கன்னத்தில் ரெண்டு பொட்டு போதும். 1986-ல் நியூயார்க்கில் சர்க்கஸ் கோமாளி மைக்கேல் கிறிஸ்டென்சன் பிக் ஆப்பிள் சர்க்கஸ் வழியாக இந்த வேலையைத் தொடங்கினபோது கோமாளிகள் டாக்டர்களைத்தான் நையாண்டி செஞ்சாங்க, ‘சிவப்பு மூக்கு மாற்று அறுவை’ உட்பட. நம்ம ஊரிலும் எடுபடும். ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறும் பிள்ளை உண்டு, அதனால் கோட்டில் கலர் ஒட்டுத்துணி தைங்க.

நுழையும் விதம்தான் பாதி வேலை. கட்டில்காலில் நின்னு ‘வரலாமா?’ன்னு பிள்ளையிடமே கேளுங்க. ‘வராதே’ன்னா நிஜமாகவே போயிடணும், தடுக்கிக்கிட்டே போங்க. மருந்து, ஊசி எதையும் மறுக்க முடியாத பிள்ளைக்கு உங்களை விரட்டுறது ஒண்ணுதான் கையில் இருக்கிற அதிகாரம். நாலு தடவை விரட்டிட்டு ஐந்தாவது தடவை கூப்பிடும் பிள்ளைகள் நிறைய. ஒன்று முதல் மூன்று வயசுக்காரங்களை நேராகப் பார்க்காதீங்க. ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு கூட்டாளியிடம் சண்டை போடுங்க, அம்மா சிரிச்சால் பிள்ளை தானாக எட்டிப் பார்க்கும்.

ஊசி நேரத்தில் ஒரே குரல்தான் கேட்கணும். ரெண்டு கோமாளியும் அம்மாவும் சேர்ந்து பேசினால் பயம்தான் கூடும். ஒருத்தர் பேச, மற்றவர் ஊமை. ஊசி போடும் கைக்கு எதிர்ப்பக்கம், பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிஞ்சு நில்லுங்க. குமிழியைப் பிள்ளையே ஊதட்டும், நீளமாக மூச்சு விட்டால் உடம்பு தளரும். ‘வலிக்காது’ன்னு சொல்லவே கூடாது, அடுத்த தடவை உங்களை நம்பாது. பிள்ளையை அமுக்கிப் பிடிக்கும் ஆளாகவும் ஆகாதீங்க.

மூக்குச்சிவப்பன்:
குமிழி தரையில் வழுக்காதா? 30 கட்டிலையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

வார்டு சிஸ்டர்:
வழுக்கும். கொஞ்சமாக ஊதி, கையோடு துணியால் துடைங்க. திறந்த காயம், தீக்காயம், டிரெஸ்ஸிங் நடக்கிற இடம் பக்கம் குமிழியே வேண்டாம்.

கட்டியக்காரன்:
முடியாது. கட்டிலுக்குப் பத்து நிமிஷம், ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நடிப்பு வறண்டுடும். பொது வார்டில் எல்லாரும் எல்லாத்தையும் பார்ப்பாங்க, அதனால் தாண்டிப் போகிற கட்டிலுக்கும் ஒரு சலாமாவது போடுங்க.

மயக்கமருந்துக்காரர்:
ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை போகச் சொன்னால் முன்கூட்டியே எல்லையைப் பேசிக்குங்க. 2005-ல் இத்தாலியில் 40 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், கோமாளி கூட இருந்தவங்களுக்கு மயக்கம் கொடுக்கும்போது பதற்றம் குறைஞ்சது. ஆனால் நல்லதுன்னு ஒத்துக்கிட்ட தியேட்டர் ஊழியர்களிலேயே பெரும்பாலோர் இதைத் தொடர வேண்டாம்னாங்க, வேலைக்கு இடைஞ்சல்னு. அதனால் மயக்கம் கொடுக்கும் மாஸ்க் வைக்க டாக்டர் தலையசைச்ச நொடியே வாயை மூடி ஒதுங்கிடணும். பிள்ளை தூங்கினதும் வெளியே வந்து அம்மா அப்பா பக்கத்தில் நில்லுங்க, அப்போ ஜோக் வேண்டாம்.

வார்டு சிஸ்டர்:
செல்போனை லாக்கரில் வைங்க, போட்டோ கூடாது. போன வாரம் பார்த்த பிள்ளை கட்டிலில் இல்லைன்னா வார்டுக்குள்ளே சத்தமாகக் கேட்காதீங்க, டியூட்டி ரூமுக்கு வந்து கேளுங்க.